நிலத்தின் பெயரில் வரும் பணம்: சன்ஃபிளவர் கவுன்ட்டியும் அமெரிக்க வேளாண் மானியமும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஆற்றோர வண்டல் நிலப்பரப்பான டெல்டாவில், சன்ஃபிளவர் என்றொரு கவுன்ட்டி உள்ளது. கவுன்ட்டி என்பது நம் ஊர்க் கணக்கில் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட நிர்வாக அலகு. பருத்திக்குப் பெயர்போன இந்தக் கவுன்ட்டியின் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதை எதிர்த்து வெள்ளையர் கவுன்சில் என்ற அமைப்பு முதன்முதலில் உருவானது இதன் தலைநகரான இண்டியனோலாவில்தான்.

1960களில் இக்கவுன்ட்டியில் வாழ்ந்த இருவரை நாடே அறியும். ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். டாட்ஸ்வில் என்ற ஊரில் 5,000 ஏக்கருக்கும் அதிகமான பருத்திப் பண்ணையின் உரிமையாளர். 1956 முதல் 1978 வரை அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவராக இருந்து குடியுரிமை மசோதாக்களை முடக்குவதையே பணியாகக் கொண்டவர். மற்றவர் ஃபேனி லூ ஹேமர். இருபது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கி, ரூல்வில் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியனோலா சென்றார் என்ற ஒரே காரணத்துக்காக அன்றிரவே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

1960களின் இறுதியில் ஈஸ்ட்லண்டின் பண்ணை ஆண்டுதோறும் ஒரு லட்சம் டாலருக்கும் அதிகமான தொகையை அரசிடமிருந்து வேளாண் மானியமாகப் பெற்றது. அதில் பெரும்பகுதி நிலத்தின் ஒரு பங்கில் பருத்தி விதைக்காமல் இருப்பதற்காக வழங்கப்பட்டது. 1960களின் நடுவில் டெல்டாவில் பருத்திக் களை வெட்டுவோரின் ஒரு நாள் கூலி சுமார் 3 டாலர். ஒரு லட்சம் டாலர் என்பது 33,000 நாள் கூலிக்கும் மேல். நலத்திட்ட உதவி பெறும் ஏழைகளைச் சோம்பேறிகள் என்று ஏசிய அரசியல்வாதிகளே அப்போது இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டிருந்தனர் என்பதை ஹேமர் தம் மேடைகளில் சலிக்காமல் சுட்டிக்காட்டினார்.

இந்த வேறுபாட்டைச் சிலரின் பேராசை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஈஸ்ட்லண்ட் பெற்ற பணம் முழுவதும் சட்டப்படி பெற்றது. அச்சட்டத்தின் எந்தப் பிரிவிலும் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பணம் நிலத்துக்கு வழங்கப்படும், நிலத்தின் சார்பில் ஒருவர் கையொப்பமிடுவார், யாருக்கு எவ்வளவு என்பதை உள்ளூர்க் குழு உறுதி செய்யும் என்ற மூன்று விதிகள் மட்டுமே இருந்தன. இனம் குறிக்கப்படாத இம்மூன்று விதிகள் ஒரு முழுச் சமூகத்தை எவ்வாறு வெளியே நிறுத்தின என்பதே இக்கட்டுரையின் பொருள். இதே மூன்று விதிகள் நம் நாட்டின் பண உதவித் திட்டங்களிலும் உள்ளன என்பதால் இது நமக்கு அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று.

காசோலை யார் பெயரில்?

அமெரிக்க வேளாண் மானியத்தின் தோற்றம் 1933ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேறிய வேளாண் சரிசெய்தல் சட்டத்தில் உள்ளது. பெருமந்தக் காலத்தில் பருத்தி விலை வீழ்ந்து கிடந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று ரூஸ்வெல்ட் அரசு கருதியது. அந்தக் கோடையில், முளைத்து வளர்ந்து நின்ற சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி பணம் கொடுத்து உழுது அழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல், விதைப்புப் பரப்பைக் குறைப்பதாக அரசுடன் ஒப்பந்தம் செய்யும் நிலவுடைமையாளருக்குத் தொகை வழங்கும் முறை வந்தது.

அன்றைய தெற்கில் பருத்தி நிலத்தில் உழைத்தவர்களில் மிகப் பலர் நிலமற்றவர்கள். குத்தகைக்கு எடுத்தோரும், அவர்களுக்கும் கீழே, வாரத்துக்குப் பயிரிடும் குடிகளும் இருந்தனர். வாரக்குடிக்கு ஏர், கோவேறு கழுதை, விதை, வீடு அனைத்தும் உடைமையாளருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியிலிருந்து பண்ணைக் கடையில் வாங்கிய கடனும் வட்டியும் கழியும். கணக்குப் புத்தகம் உடைமையாளரிடம் இருக்கும். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள் முறையை அறிந்தோருக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை.

1934-35ஆம் ஆண்டுகளுக்கான பருத்தி ஒப்பந்தத்தில் இரண்டு வகைத் தொகைகள் இருந்தன. விதைக்காமல் விடும் நிலத்துக்கான வாடகையாகப் பவுண்டுக்கு மூன்றரை சென்ட். விலை ஈடாக ஒரு சென்ட். வாடகை நிலத்துக்கு உரியது என்பதால் அது முழுவதும் உடைமையாளருக்கு. விலை ஈடு விளைச்சலுக்கு உரியது என்பதால் அது வாரப்படி பங்கிடப்படும். ஆக, நாலரை சென்ட்டில் உடைமையாளருக்கு நாலு, வாரக்குடிக்கு அரை. அந்த அரை சென்ட்டும் உடைமையாளரின் கை வழியாகவே வரவேண்டியிருந்ததால் பலருக்கு அது பண்ணைக் கடைக் கணக்கிலேயே கழிந்துபோனது.

வாரக்குடியை வெளியேற்றிவிட்டால் அந்த அரை சென்ட்டும் மிச்சம். பரப்பு குறைந்ததால் அவருடைய உழைப்பும் தேவைப்படவில்லை. இப்படி நடக்கும் என்று சட்டத்தை வரைந்தவர்களுக்குத் தெரியாமலில்லை. அதனால்தான் ஒப்பந்தத்தில் 7ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது. வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை இயன்றவரை பண்ணையில் வைத்திருக்க உடைமையாளர் நல்லெண்ணத்துடன் முயல வேண்டும், அவர்கள் வீடுகளில் வாடகையின்றித் தொடர்ந்து வசிக்க அனுமதிக்க வேண்டும் என்றது அப்பிரிவு. ஆனால் தொல்லையாகவோ அச்சுறுத்தலாகவோ நடந்துகொள்ளும் குடிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் அதிலேயே இருந்தது. சட்ட மாணவர்கள் இந்த வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘இயன்றவரை’, ‘முயல வேண்டும்’ என்ற சொற்களால் உரிமை ஒரு வேண்டுகோளாகச் சுருங்கிவிடுகிறது. ‘தொல்லை’ என்பதை முடிவு செய்பவரோ உடைமையாளரே.

மிசிசிப்பி ஆற்றுக்கு மறுகரையில், அர்க்கன்சா மாநிலத்தின் டைரான்சா என்ற சிற்றூரில், 1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினரும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடித் தெற்குக் குத்தகை உழவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் இருப்பது என அவர்கள் எடுத்த முடிவு அன்றைய தெற்கில் உயிருக்கே ஆபத்தானது. சங்கத்தில் சேர்ந்தவர்களைத் தொல்லையாளர்கள் என்று சொல்லி ஒரு பெரும் பண்ணை வெளியேற்றியபோது, ‘வழக்கமான எண்ணிக்கை’ என்பது அதே ஆட்களைக் குறிக்குமா, அல்லது ஒருவரை நீக்கி இன்னொருவரை வைத்தால் போதுமா என்ற கேள்வி வாஷிங்டன் வரை சென்றது. வேளாண் சரிசெய்தல் அமைப்பின் சட்டப் பிரிவில் இருந்த ஜெரோம் ஃபிராங்கும் அவருடைய இளம் வழக்குரைஞர்களும் அதே ஆட்களைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று பொருள் கூறினர். 1935 பிப்ரவரித் தொடக்கத்தில் அவர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் தந்த விளக்கமும் கைவிடப்பட்டது. ஒரு பிரிவுக்குப் பொருள் கூறியதற்காக ஓர் அரசு தன் சொந்தச் சட்ட அலுவலர்களையே வெளியேற்றிய நிகழ்வுகள் வரலாற்றில் மிகக் குறைவு.

பின்னர் வந்த சட்டங்கள் குத்தகைதாரருக்கும் வாரக்குடிக்கும் உரிய பங்கை நேரடியாக வழங்க வகைசெய்தன. அதற்கு உடைமையாளர்கள் கண்ட மாற்றுவழி எளியது. வாரக்குடியை நாள் கூலியாக மாற்றிவிட்டால் அவருக்குப் பங்கே இல்லை. மிச்சப்பட்ட மானியத் தொகை டிராக்டர் வாங்கவும் பயன்பட்டது.

விதைக்காத நிலமும் வெளியேறிய மக்களும்

1960களின் நடுவில் பருத்தி எடுக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் டெல்டாவை முழுமையாக மாற்றிக்கொண்டிருந்தன. 1965இல் போலிவர் கவுன்ட்டியின் ஷா என்ற ஊரில் தொடங்கிய மிசிசிப்பி விடுதலைத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 1.25 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. 1967 பிப்ரவரியில் பெரும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்கு மணிக்கு ஒரு டாலர் என்ற குறைந்தபட்சக் கூலி முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்புதான் பருத்திப் பரப்பை மேலும் குறைக்க அரசு தாராளமாகப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. கூலியைக் கூட்டச் சொன்ன அரசே வேலையைக் குறைக்கவும் பணம் கொடுத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பண்ணை வீடுகளிலிருந்து வெளியேறின. அவ்வாண்டு ஏப்ரலில் டெல்டாவுக்கு வந்த ராபர்ட் கென்னடி பட்டினியால் வயிறு வீங்கிய குழந்தைகளைக் கண்டார்.

ஹேமர் 1969இல் 40 ஏக்கர் வாங்கி விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் அது 600 ஏக்கருக்கும் மேல் வளர்ந்தது. காய்கறியும் கீரையும் விளைவித்து ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கியது. பன்றிக்குட்டிகளைக் கொடுத்து, அவை ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்று அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும் ‘பன்றி வங்கி’ ஒன்றையும் நடத்தியது. அமெரிக்கப் பயிர் மானியம் பருத்தி, சோளம், கோதுமை, நெல் போன்ற குறிப்பிட்ட பயிர்களுக்கானது. காய்கறிக்கு அதில் இடமில்லை. பசியைத் தீர்க்க விளைவித்த கீரைக்கு ஒரு சென்ட்டும் கிடைக்காது. ஆற்றைக் கடந்தால் பருத்தி விதைக்காத வயலுக்குப் பணம் வரும். நன்கொடையை நம்பிய கூட்டுறவு 1970களின் நடுவில் வரி கட்ட இயலாமல் நிலத்தை இழந்தது. ஹேமர் 1977 மார்ச்சில் மறைந்தார்.

தனி நபருக்கு மானிய உச்சவரம்பு விதிக்கப்பட்டது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்: ஒரு பயிருக்கு 55,000 டாலர். உடனே பண்ணைகள் காகிதத்தில் பிளவுபட்டன. மனைவி, மகன், மருமகன், கூட்டு நிறுவனம், அறக்கட்டளை என ஒரே பண்ணை பல ‘நபர்’களானது. இதில் ஒரு வகை உத்திக்கு ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்றே பெயர் ஏற்பட்டது. நம் நில உச்சவரம்புச் சட்டத்தை முறியடித்த பினாமிகளைப் பற்றிப் பேசும்போது அது இந்தியாவுக்கே உரிய நோய் என்று கருதுவோர் இந்த மரத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

இன்றைய முறையில் ‘அடிப்படை ஏக்கர்’ என்ற கருத்து மையமானது. ஒரு நிலத்தில் கடந்த காலத்தில் எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் விளைந்தது என்ற பதிவே அதன் மானியத் தகுதி. அந்தப் பயிரை இவ்வாண்டு விதைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கடந்த காலத்தில் அந்நிலத்தை வைத்திருந்தவரின் வசதி எண்களாக மாறி நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நிலம் கைமாறும்போது அதுவும் சேர்ந்தே கைமாறுகிறது. நிலத்தை இழந்தவருக்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. 1920இல் அமெரிக்காவில் 9,25,000க்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தனர். மொத்த உழவர்களில் ஏழில் ஒருவர். 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில், ஒரு பண்ணையில் ஒன்றுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களை எண்ணும் தளர்வான முறையிலும், அவர்கள் சுமார் 47,000 பேர் மட்டுமே.

கவுன்ட்டிக் குழு என்னும் வாயில்

மானியத்தையும் பரப்பு ஒதுக்கீட்டையும் வாஷிங்டன் நேரடியாக நிர்வகிக்கவில்லை. ஒவ்வொரு கவுன்ட்டியிலும் உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. யாருக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கீடு, யாருடைய அளவீடு சரி, யாருடைய முறையீடு ஏற்கத்தக்கது என்பவற்றை இக்குழுக்கள் முடிவு செய்தன. உள்ளூர் மக்களாட்சிக்கு எடுத்துக்காட்டாக இது போற்றப்பட்டது. தெற்கில் நிகழ்ந்ததோ உள்ளூர் ஆதிக்கம் கூட்டாட்சிப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டதுதான். கிராமத்தை ‘உள்ளூர்வாதத்தின் சாக்கடை’ என்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் கடுமையாகச் சாடியதன் பொருள் இத்தகைய இடங்களில் தெளிவாகிறது.

1964-65இல் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவினர், வாக்குச்சாவடியைப் போலவே இக்குழுத் தேர்தலும் முக்கியமானது என்று கண்டு, மிசிசிப்பியில் கறுப்பின உழவர்களை வேட்பாளர்களாக நிறுத்தினர். இத்தேர்தலில் வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு கிடையாது. வாரக்குடிக்கும் வாக்கு உண்டு. பல இடங்களில் வாக்குகளைச் சிதறடிக்கும் நோக்கில் குழுவினர் தாமாகவே மேலும் பல கறுப்பினப் பெயர்களை வாக்குச்சீட்டில் சேர்த்தனர். போட்டியிட்டவர்கள் மிரட்டப்பட்டனர். 1965இல் அமெரிக்கக் குடியுரிமை ஆணையம் வேளாண் திட்டங்களில் சமவாய்ப்பு குறித்து அளித்த அறிக்கையும், 1982இல் கறுப்பின வேளாண்மையின் சரிவு குறித்து அளித்த அறிக்கையும் வேளாண் துறையின் பாகுபாட்டை விரிவாகப் பதிவு செய்தன. அரசின் ஆணையமே எழுதிய இவ்வறிக்கைகளுக்குப் பின்னும் உள்ளூர் அலுவலகங்களின் நடைமுறை பெரிதாக மாறவில்லை.

ஒப்பிட ஒரு வெள்ளை உழவர் தேவை

மானியத்துக்கும் கடனுக்கும் உள்ள உறவை இங்கே விளக்க வேண்டும். வசந்த காலத்தில் கிடைக்க வேண்டிய பயிர்க்கடன் கோடையில் கிடைத்தால் விதைப்புப் பருவம் தவறும். விளைச்சல் குறையும். குறைந்த விளைச்சலே பதிவாகும். பதிவு குறைந்தால் மானியமும் குறையும்; கடனை அடைக்க முடியாதபோது நிலம் ஏலத்துக்கு வரும். கறுப்பின உழவர்கள் பலருக்கு விண்ணப்பப் படிவமே மறுக்கப்பட்டது. கடன் ஒப்புதலான பின்னும் அதிகாரியின் இணைக் கையொப்பம் இன்றிப் பணம் எடுக்க இயலாத ‘மேற்பார்வைக் கணக்கு’ முறையும் அவர்கள் மீது அதிகமாகத் திணிக்கப்பட்டது. 1983இல் ரீகன் ஆட்சி வேளாண் துறையின் குடியுரிமைப் புகார் விசாரணை அமைப்பைக் கலைத்தது. அதன்பின் புகார்கள் பெறப்பட்டன; ஆனால் விசாரிக்கப்படவில்லை.

1997 ஆகஸ்டில் வட கரோலினா உழவர் திமோத்தி பிக்ஃபோர்டு முதலானோர் வேளாண் அமைச்சர் கிளிக்மன் மீது தொகுப்பு வழக்குத் தொடுத்தனர். முதல் தடை காலவரம்பு. அன்றைய கடன் பாகுபாட்டுச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. புகாரை அரசே கிடப்பில் போட்டுவிட்டுக் காலம் கடந்தது என்றும் அரசே வாதிட்டது. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறப்புச் சட்டம் இயற்றி, 1981க்கும் 1996க்கும் இடைப்பட்ட பாகுபாடு குறித்துப் புகார் அளித்திருந்தோருக்குக் காலவரம்பைத் தளர்த்தியது. 1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃபிரீட்மன் இருதரப்பு ஒப்பந்தத்தின் அடிப்படையிலான தீர்ப்பாணையை ஏற்றார். விடுதலையான அடிமைகளுக்கு 1865இல் வாக்களிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே திரும்பப் பெறப்பட்ட நாற்பது ஏக்கர் நிலத்தைக் குறிப்பிட்டே அவருடைய தீர்ப்பு தொடங்குகிறது.

தீர்ப்பாணை இரண்டு வழிகளை அளித்தது. குறைந்த சான்றுடன் 50,000 டாலரும் கடன் தள்ளுபடியும் பெறுவது முதல் வழி. முழு விசாரணையில் உண்மையான இழப்பை மெய்ப்பித்துப் பெறுவது இரண்டாவது. ஏறத்தாழ அனைவரும் முதல் வழியையே தேர்ந்தனர். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. தம்மையொத்த நிலையில் இருந்த ஒரு வெள்ளை உழவரைப் பெயர் குறித்துக் காட்டி, அவர் தம்மைவிட நன்றாக நடத்தப்பட்டார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து வயல்காரரின் கடன் கோப்பு யாரிடம் இருக்கும்? எதிர்மனுதாரரான வேளாண் துறையிடம்தான் இருக்கும். அதைக் கொடுக்க அத்துறை கடமைப்பட்டிருக்கவில்லை. மெய்ப்பிக்கும் சுமையைக் குறைத்த ஆணை, சான்று முழுவதையும் எதிர்த்தரப்பின் அலமாரியிலேயே விட்டுவைத்தது. வன்கொடுமை வழக்குகளில் சாதியை அறிந்தே குற்றம் இழைக்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கச் சொல்லும்போது பாதிக்கப்பட்டோர் திகைத்து நிற்பதைக் கண்டுள்ள எனக்கு, இந்த நிபந்தனையின் கொடுமை எளிதில் புரிகிறது.

உரிய காலத்தில் மனு செய்த சுமார் 22,700 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் வென்றனர். வழங்கப்பட்ட மொத்தத் தொகை 100 கோடி டாலரைக் கடந்தது. அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய குடியுரிமைத் தீர்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஆனால் 60,000க்கும் மேற்பட்டோர் கெடு முடிந்தபின் வந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்காக 2010இல் இரண்டாம் தீர்வு வந்தது: 125 கோடி டாலர். அதற்குள் பலர் இறந்துவிட்டனர். பலரிடம் நிலம் இல்லை. பணம் பெற்ற எவருக்கும் ஏலத்தில் போன நிலம் திரும்பவில்லை என்பதைச் சேர்த்தே இத்தீர்ப்பை மதிப்பிட வேண்டும்.

பரிகாரமே பாகுபாடு என்ற வாதம்

2021 மார்ச்சில் பைடன் அரசின் மீட்புச் சட்டத்தின் 1005ஆவது பிரிவு, ‘சமூகரீதியாகப் பின்தங்கிய’ உழவர்களின் அரசுக் கடனில் 120 விழுக்காடு வரை செலுத்த வகைசெய்தது. கூடுதல் 20 விழுக்காடு வரிச்சுமைக்கானது. இதற்காகச் சுமார் 400 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. வெள்ளை உழவர்கள் பல மாநிலங்களில் வழக்குத் தொடுத்தனர். ஜூன் மாதம் விஸ்கான்சினிலும் புளோரிடாவிலும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை விதித்தன. இன அடிப்படையிலான எந்த வகைப்பாடும், அது பரிகாரத்துக்கானதாகவே இருப்பினும், ‘கடுமையான ஆய்வு’ என்ற அளவுகோலைத் தாண்ட வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் அதராண்ட் தீர்ப்பு முதல் அங்கே நிலவும் சட்டம்.

புளோரிடா நீதிமன்றம் ஒரு குறையைச் சரியாகவே சுட்டியது. கடன் பெற்று இன்னும் அதைச் செலுத்திக்கொண்டிருப்பவருக்கே இத்திட்டம் உதவும். பாகுபாட்டால் கடனே மறுக்கப்பட்டவருக்கும் நிலத்தை ஏற்கெனவே இழந்தவருக்கும் இதில் எதுவும் இல்லை. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவர் விடுபட்டிருப்பதைக் காட்டி, ஓரளவு பாதிக்கப்பட்டவருக்கான உதவியும் நிறுத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில் 1005ஆவது பிரிவே நீக்கப்பட்டு, இனக் குறிப்பற்ற இரு திட்டங்கள் அதன் இடத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்றின் கீழ், வேளாண் துறையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு உள்ளானதாக விண்ணப்பித்த 43,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 200 கோடி டாலர் வழங்கப்பட்டதாக 2024 ஜூலை இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதிகம் பேர் பெற்ற மாநிலங்களில் மிசிசிப்பியும் அலபாமாவும் முன்நின்றன.

2025 ஜூலை மாதத்தில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றையடுத்து ஒன்று நிகழ்ந்தன. 4ஆம் தேதி கையொப்பமான பெரும் நிதிச் சட்டம் தனி நபர் மானிய உச்சவரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராக உயர்த்தியதோடு, 3 கோடி ஏக்கர் வரை புதிதாக அடிப்படை ஏக்கராகச் சேர்க்கவும் வழிவிட்டது. சில நாட்களில், ‘சமூகரீதியாகப் பின்தங்கிய’ உழவர் என்ற வகைப்பாட்டை இனி இன, பாலின அடிப்படையில் பயன்படுத்துவதில்லை என்று வேளாண் துறை அறிவித்தது.

நம் சட்டங்களில் அதே கையொப்பம்

பிரதமரின் உழவர் நிதியுதவித் திட்டம், அதாவது பி.எம்.கிசான், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்குகிறது. ‘நிலம் வைத்திருக்கும் உழவர் குடும்பம்’ என்பதே தகுதி. நிலப் பதிவேட்டில் பெயரில்லாத குத்தகைதாரருக்கும் வாரத்துக்குப் பயிரிடுவோருக்கும் இதில் இடமில்லை. மேலும், 2019 பிப்ரவரி 1 அன்று பதிவேட்டில் இருந்தவரே தகுதியானவர் என்றும், வாரிசுரிமை தவிர்த்த வேறெந்த மாற்றமும் ஐந்தாண்டுகளுக்குக் கணக்கில் கொள்ளப்படாது என்றும் வழிகாட்டு நெறிமுறை கூறியது. இதன் பொருள், நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019 மார்ச்சில் ஒப்படைப் பட்டா பெற்ற ஒரு தலித் குடும்பம் அந்த ஐந்தாண்டுகளில் இத்திட்டத்தின் கண்ணில் உழவர் குடும்பமே அல்ல.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் பட்டியல் சாதியினர் பயிரிடும் பரப்பு மொத்தத்தில் 9 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மக்கள்தொகையில் அவர்கள் 2011இல் 16.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம், பொதுவாகச் சுட்டப்படும் கணக்கில், சுமார் 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. பட்டா மாறியிருந்தால் அந்நிலத்துக்கான தவணையும் பட்டாவில் உள்ளவருக்கே போகும்.

வேறு விதமாக எழுத முடியும் என்பதற்கு இந்திய மாநிலங்களிலேயே சான்று உண்டு. 2018இல் தொடங்கிய தெலங்கானாவின் ரைத்து பந்து, பரப்பு உச்சவரம்பின்றி உடைமையாளருக்கு மட்டுமே பணம் கொடுத்தது. ஈஸ்ட்லண்ட் காலத்து முறைக்கு இதுவே மிக நெருக்கமானது. அதே ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரத்தின் ரைத்து பரோசா நிலமற்ற தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களுக்கும் தொகை உண்டு என்றது. ஆனால் அதற்குத் தேவையான பயிரிடுவோர் அட்டையைப் பெற, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நில உடைமையாளரின் கையொப்பம் வேண்டியிருந்தது. 1934இன் பருத்தி ஒப்பந்தம் எந்தக் கையில் பேனாவைக் கொடுத்ததோ, அதே கைதான்.

தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டின் வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் உள்ளது. உடைமையாளரின் ஒப்புதல் இல்லாமலேயே குத்தகைதாரர் பதிவு அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். உடைமையாளர் மறுத்தால் விசாரணை நடத்திப் பதிவு செய்யலாம். சட்டத்தின் இந்த வலிமை ஊரில் அரிதாகவே பயன்படுகிறது. வாய்மொழிக் குத்தகையை எழுத்தில் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது என்ற அச்சம் உண்மையானது. ஆகவே தனித்தனியாக அன்றி, ஒரு கிராமத்தின் குத்தகைதாரர்கள் ஒரே நாளில் மொத்தமாக விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு உகந்தது.

அமெரிக்க உழவர்களை வீழ்த்திய ‘கடுமையான ஆய்வு’ அளவுகோல் இங்கே செல்லாது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். அசோக குமார் தாக்கூர் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அதை இந்தியாவுக்குப் பொருந்தாதது என்றது. பிரிவு 15(4) நம் கையில் இருக்கிறது. பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனைச் சிறப்புக் கவனத்துடன் காக்க அரசைப் பணிக்கும் பிரிவு 46 நெறிமுறைக் கோட்பாடாக இருக்கிறது. குத்தகைதாரரைச் சேர்க்கும் ஒரு பிரிவை எழுதச் சட்டத் தடை எதுவும் இல்லை.

களப்பணியில் இருப்போர் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். பி.எம்.கிசான் பயனாளிகளின் கிராமவாரிப் பட்டியல் அத்திட்டத்தின் இணையதளத்திலேயே உள்ளது. பதிவின்போது உழவரின் சாதிப் பிரிவும் கேட்கப்படுவதால், பட்டியல் சாதிப் பயனாளிகளின் எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். அதே கிராமத்தின் ‘அ’ பதிவேட்டு நகலையும், நிபந்தனை ஒப்படை நிலங்களின் விவரத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். நான்காவதாகத் தேவைப்படும் ஆவணத்தை எந்த அலுவலகமும் தராது: இந்தப் போகத்தில் எந்தச் சர்வே எண்ணில் யார் பயிரிட்டார் என்ற பட்டியல். அதை வீடு வீடாகச் சென்று நாமேதான் எழுத வேண்டும். பெண்களின் பெயரையும் சேர்த்து.